காலுறை

திங்கட்கிழமை காலை
டிங்வால் ரயிலடிக்கு எதிர்க்கடையில்
சனிக்கிழமைக் கல்யாணங்கள் திரும்பி வருகின்றன,
பை பையாக.
கட்டம் போட்ட கில்ட்டில் குழம்புக் கறை,
கம்பளிக் காலுறையில் புல்,
ஒரு சட்டைப்பையில்
யாரோ பேசாமல் விட்ட வாழ்த்துரை.

ஓய்ரிக் எண்ணுகிறாள்.
இடைவார் ஏழு. தோல்பை ஏழு.
குட்டிக் கத்தி ஏழு.

கத்தி என்று பேர்தான்.
பிளாஸ்டிக் பிடி, பிளாஸ்டிக் உறை,
இரண்டும் ஒரே வார்ப்பு.
இழுத்தால் வராது.
குடித்த மாப்பிள்ளைத் தோழன் எவனும்
இழுத்துப் பார்க்காமல் விட்டதில்லை.
தொலைத்தால் எட்டு பவுண்டு.

படிவத்தில் அதன் பெயரை
எவனோ லண்டன்காரன் காதில் விழுந்தபடி
அச்சடித்திருக்கிறார்கள்.
அவள் பிறந்த லூயிஸ் தீவின் கேலிக்கில் அது
ஸ்கீயன் டூ.
ஸ்கீயன் என்றால் கத்தி.
டூ என்றால் கறுப்பு.
பிடியின் கறுப்பு என்பார் சிலர்.
இல்லை, ஒளிவின் கறுப்பு என்பார் சிலர்:
அக்குளில் மறைத்து வந்ததை
அந்நியர் வீட்டு வாசலில் எடுத்து
எல்லோர் கண்ணிலும் படும்படி
காலுறை விளிம்பில் செருகிக்கொண்டு
உள்ளே போய்ச் சாப்பிட உட்காருவார்களாம்.
நிஜமோ, கடைக்காரர் கதையோ.

அவளுக்குத் தெரிந்தது எழுத்து.
டூ என்று வாய் சொல்வதைக்
கை எழுதும்போது
கடைசியில் இரண்டு எழுத்து கூடுதல்.
யாரும் உச்சரிப்பதில்லை,
யாரும் நீக்குவதுமில்லை.
சொல்லும் தன் இடுக்கில்
எதையோ வைத்திருக்கிறது.

இதைத் தமிழில் எழுதும் எனக்கோ
காலுறை என்று எழுதும்போதே
பாதிக் கத்தி உள்ளே போய்விடுகிறது.

இடுப்பில் தொங்கும் பெரியதற்கு வேறு பெயர்.
வீட்டில் பிடக், ஆங்கிலத்தில் டர்க்.
டர்க் யார் வீட்டுப் பிள்ளை என்று
அகராதியும் கையை விரிக்கிறது.
அது கிடக்கட்டும்,
இந்தக் கடையில் வாடகைக்கு இல்லை.

ஏழாவது, கையில் கனத்தது.

மான்கொம்புப் பிடி.
இழுத்தாள். வந்தது.
நாலு விரல் நீள இரும்பு
ஜன்னல் வெளிச்சத்தை ஒரு கோடாக வாங்கி
அவள் கன்னத்தில் விட்டது.

படிவத்தைப் பார்த்தாள்:
ஃபெராகர் மெக்லெனன், உல்லாபூல்.
தம்பி கல்யாணம்.
தொலைபேசியில் அழைத்தாள்.

"உங்கள் கத்தி எங்களிடம் வந்துவிட்டது,
எங்கள் கத்தி உங்களிடம்."

"தெரியும்," என்றான்.
பின்னால் கடற்காகங்கள் கத்தின.
எஞ்சின் ஒன்று இருமி நின்றது.

"அது அப்பாவுடையது.
அவர் படகைத் தம்பி விற்றான்,
என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.
ஒன்பது வருஷம் பேச்சில்லை.
உங்களுடையதைப் பையில் போட்டுவிட்டு
இதைச் செருகிக்கொண்டு போனேன்.
எதற்கு என்று கேட்காதீர்கள்.
வரிசை நடனத்தில் லாக்கி என் கையைப் பிடித்தான்.
அவன் கை ஈரமாக இருந்தது.
என் கெண்டைக்காலில் இது
மீன் மாதிரி ஒரு துள்ளு துள்ளியது.
கழிவறைக்குப் போய் மாற்றிக்கொண்டேன்.
அப்புறம்தான் ஆட முடிந்தது.
வராத கத்தி எனக்குப் போதும்.
எட்டு பவுண்டு அனுப்புகிறேன்."

படிவத்தில் இதற்குக் கட்டமில்லை.
'திரும்பியது' என்ற இடத்தில் டிக் போட்டாள்.
திரும்பியதுதானே.
மேஜை இழுப்பறையில்
கத்தரிக்கோலுக்கும் பிஸ்கட் பொட்டலத்துக்கும் நடுவே
அதைப் படுக்க வைத்தாள்.
ஒருமுறை சத்தமாகப் பெயர் சொல்லிப் பார்த்தாள்,
அந்த இரண்டு எழுத்தையும் சேர்த்து.
வாயில் நிற்கவில்லை.

மூன்று மணிக்கு வேன் வந்தது,
அடுத்த சனிக்கிழமைக்கான பெட்டிகளோடு.
கத்தரிக்கோலைத் தேடிய கைக்கு
அதுதான் அகப்பட்டது.
ஒட்டுநாடாமேல் வைத்தாள், அழுத்தவில்லை.
பெட்டி தானே திறந்துகொண்டது போலிருந்தது.

கொஞ்சம் பயந்து
உறையில் போட்டாள்.
வேன்காரன் தெருமுனை திரும்பும்வரை நின்றாள்.
பிறகு குனிந்து
தன் காலுறைக்குள்.